கோபுரம் மறையும் இடம்

சென்ற ஆண்டு மார்கழியில் ஒரு காலை. நானும் மனைவியும் முட்டத்தில் ஒரு பைபர் வள்ளத்தில் ஏறினோம். நாகர்கோவிலில் பிறந்து ஐம்பது வயதாகியும் கரையில் நின்றே கடல் பார்த்தவன் நான். டால்பின் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் ஆசை. நண்பர் மூலம் அறிமுகமான மீனவர் ஒருவர், அன்று மீன்பிடிக்கப் போகாமல் எங்களுக்காக வந்திருந்தார்.

ஆனால் மனிதர் ஆழத்துக்குப் போனால்தானே! கடியபட்டணத்தில் வள்ளத்தை ஒதுக்கி யாரிடமோ அரைமணி நேரப் பேச்சு. குளச்சலில் சாயா. குறும்பனையில் மறுபடியும் சாயா. வெயில் ஏறியது, உப்பு உதட்டில் காய்ந்தது, எனக்கு மண்டை கொதித்தது. டால்பினை அங்கே ஓங்கல் என்பார்கள்.

"ஓங்கல் கடல்லயா கெடக்கு, சாயாக்கடையிலயா?" என்று கேட்டேவிட்டேன்.

"பொறும் சாரே. பின்னால ஒரு வள்ளம் வருதுல்லா, அது போவட்டு."

அது ஏன் போக வேண்டும் என்று கேட்கக்கூட எனக்குப் பொறுமையில்லை. "பெல்லடிச்சா வாறதுக்கு இது உங்க ஆபீசா? சும்மா இரிங்க" என்றாள் மனைவி.

கடைசியில் அந்த வள்ளம் கண்ணைவிட்டு மறைந்ததும் கடலுக்குள் திருப்பினார். அதிலும் நேராகப் போகவில்லை. வளைந்து, நெளிந்து, கரையைத் திரும்பித் திரும்பிப் பார்த்து, திடீரென்று இன்ஜினை அணைத்தார்.

முதலில் ஒரு மூச்சுச் சத்தம். அப்புறம் ஒரு முதுகு. அப்புறம் கடலே முதுகுகளாகிவிட்டது. மனைவி என் கையை நகம் பதியப் பிடித்திருந்தாள்.

"அடியில பாறை உண்டு சாரே. மீன் கூடும், அதாக்கும் ஓங்கலும் வருது" என்றார். இந்த வெட்டவெளியில் இடத்தை எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்றேன். கரையைக் காட்டினார். ஒரு தேவாலயக் கோபுரம் மலைத்தோளுக்குப் பின்னால் மறைந்திருந்தது; கலங்கரை விளக்கம் இரண்டு பாறைகளுக்கு நடுவே நின்றது. "எனக்க மச்சினனுக்கே இத சொன்னதில்ல" என்று சிரித்தார். வெறும் பெருமைப் பேச்சு என்று நினைத்தேன்.

அன்று மாலையே முகநூலில் எழுதினேன். கோபுரம் மலையின் தோளில் தலைசாய்க்கும்போது, விளக்கு இரு பாறைகளுக்கிடையே விழிக்கும்போது, கடல் மூச்சு விடுகிறது என்று. ஊர்ப் பெயர், மலைப் பெயர் எல்லாம் போட்டு. கவிதை என்றார்கள். பலரும் பகிர்ந்தார்கள்.

நான்காம் நாள் அவரிடமிருந்து போன்.

"சாரே, நீங்க எழுதினத எனக்க மவ வாசிச்சுத் தந்தா. நல்லா இருந்து."

குளிர்ந்துபோனேன்.

"எல்லாவனுக்கும் நல்லா இருந்திருக்கு. இன்னைக்கு அங்க எட்டு வள்ளம் கெடக்கு. நான் வலை போடாம திரும்பி வந்துட்டேன்."

கரையின் இரண்டு அடையாளங்களை ஒன்றோடொன்று பொருத்தி மீன் கூடும் இடத்தைக் குறித்துக்கொள்வதைக் கணியம் என்பார்கள். அதுதான் அந்தக் குடும்பத்தின் சோறு. அதை மறைக்கத்தான் அத்தனை கரைகளில் அவர் ஒதுங்கியிருக்கிறார், அத்தனை சாயா குடித்திருக்கிறார். நான் ஓங்கலுக்கு ஆசைப்பட்டதால்தான் அங்கே கூட்டிப்போயிருக்கிறார்.

பதற்றத்தில், "இப்பவே அழிச்சிடுறேன்" என்றேன்.

"அழிச்சா எட்டு வள்ளமும் திரும்பிப் போவுமா சாரே? இனி வேற எடம் தேடணும். எத்தன வருசம் ஆவுமோ."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் திட்டவில்லை. இப்போதும் ஒரு வரி அழகாக வந்துவிட்டால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. அந்த வரி யாருடைய சோற்றில் கைவைக்கிறது என்று பார்க்காமல் முற்றுப்புள்ளி வைப்பதில்லை.