ஆயுத பூஜைக்கு டார்ச் தேர்ந்தெடுத்த கதை

ஓசூரில் எங்கள் கம்பெனியில் ஆயுத பூஜைப் பரிசைப் பற்றிய பேச்சு ஒரு மாதத்துக்கு முன்பே தொடங்கிவிடும். பரிசு கைக்கு வந்த மறுநாளே அதைத் திட்டவும் தொடங்கிவிடுவார்கள். ஹாட் பாக்ஸ் கொடுத்த வருஷம் மூடி இறுகவில்லை. டிபன் கேரியர் கொடுத்த வருஷம், "இதோட எங்க வீட்ல அஞ்சு ஆச்சு." போன வருஷம் தேர்ந்தெடுக்கிற வேலையை ஹெச்.ஆர். மேனேஜர் என் தலையில் கட்டிவிட்டார்.

"எல்லாத்துலயும் குறை கண்டுபிடிக்கிற ஆளு நீங்கதான். நீங்களே பாத்து ஓகே பண்ணுங்க மேடம். அப்புறம் யாரு பேசுறாங்கன்னு பாக்கலாம்."

குறை கண்டுபிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். பெயிண்ட் அடித்து வரும் இரும்புப் பாகங்கள் லாரியில் ஏறுவதற்கு முன் கடைசியாகப் பார்ப்பவள் நான். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பேன். நேராக அடித்தால் ஒளிந்துகொள்கிற நெளிவும் கீறலும் பக்கவாட்டில் அடித்தால் மாட்டிக்கொள்ளும். மாட்டியதற்கெல்லாம் சிவப்புச் சீட்டு ஒட்டித் திருப்பி அனுப்பிவிடுவேன். ஆறு வருஷமாக என்னிடம் அதிகமாகச் சீட்டு வாங்கியவர் பிரஸ் ஷாப் ஆபரேட்டர், ஜவளகிரிக்காரர். ஒவ்வொரு சீட்டுக்கும் சண்டைக்கு வருவார். நான் விருதுநகர்ப் பக்கத்துக்காரி, மூக்குக்கு மேல் கோபம் வரும். சும்மா விடுவேனா?

ஆகவே விஷயம் எனக்கு நன்றாகவே புரிந்திருந்தது. வருஷம் முழுக்க நான் யாருடைய வேலையைத் திருப்பி அனுப்பினேனோ, அவர்கள் நூற்றெண்பது பேரும் இந்த முறை நான் ஓகே செய்த பொருளைப் புரட்டிப் பார்க்கப் போகிறார்கள். அதில் பொட்டுக் குறை இருந்தாலும் அப்புறம் என் கண்ணை எவர் நம்புவார்?

டார்ச் வாங்கலாம் என்று தோன்றிய அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை. வேலைக்கு ஆகும், வீட்டுக்கு ஆகும், வேண்டாதவர்கள் மச்சானுக்குப் பரிசாகத் தள்ளிவிடலாம். எங்கள் வாடகை வீட்டில் கரண்ட் போனால் நான் செல்போன் வெளிச்சத்தில்தான் இட்லி ஊற்றுவேன். ஒருமுறை போனே மாவுக்குள் விழுந்திருக்கிறது.

பஜாரில் ஒரு கடையிலிருந்து ஒன்பது சாம்பிள் வாங்கி வந்தேன். டார்ச் விற்கிறவர்கள் எல்லோரும் ஏன் அதை நம் கண்ணிலேயே அடித்துப் பெருமை காட்டுகிறார்களோ தெரியவில்லை. இந்தக் கடைக்காரரும் "நோடி மேடம், நோடி!" என்று கன்னடத்தில் பார்க்கச் சொல்லிக் கூவிக்கொண்டே அடித்தார். அரை மணி நேரம் எனக்கு எதைப் பார்த்தாலும் பச்சை வட்டம்தான்.

பட்டப்பகலில் இருட்டுக்கு எங்கே போவது? ஸ்டோரில் ஷட்டரை இறக்கினோம், போதவில்லை. ஸ்டோர் பெண்கள் இரண்டு பேரும் நானும் லாரித் தார்ப்பாயைத் தலையோடு போர்த்திக்கொண்டு உட்கார்ந்தோம். வேர்வை ஊற்றியது. ஒவ்வொரு டார்ச் எரியும்போதும் கத்தினோம். மேஜையிலிருந்து கீழே போட்டேன், வாளித் தண்ணீரில் முக்கினேன், சாய்த்துப் பிடித்துக் கீறல் தேடினேன். கடைசியில் நின்றது ஒன்று. அலுமினிய உடம்பு, சார்ஜ் போடுகிற வகை, ஒரே பட்டனில் மூன்று விதம்: முழு வெளிச்சம், குறைந்த வெளிச்சம், மினுக்கல். மினுக்கலைப் பார்த்ததும் நாங்கள் போட்ட சத்தத்தில் செக்யூரிட்டி ஓடி வந்துவிட்டார்.

ஓகே என்று கையெழுத்துப் போட்டேன். அன்று மாலை நாலு மணிக்கு ஆர்டர் போகும். அதுவரை பொறுக்க முடியாமல் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அதைக் கேன்டீனுக்கு எடுத்துப் போனேன். ஆளாளுக்கு அடித்துப் பார்த்து "சூப்பர் மேடம்" என்றார்கள். கடைசியில் ஜவளகிரிக்காரர் கைக்குப் போனது.

"இத எப்படி அணைக்கிறது மேடம்?"

"அமுக்குங்கண்ணே, அணையும்."

அமுக்கினார். வெளிச்சம் குறைந்தது. மறுபடி அமுக்கினார். மினுக்க ஆரம்பித்தது. மூன்றாவது அமுக்கில்தான் அணைந்தது.

"ராகி அறுக்குற சமயத்துல எங்கூருக்கு ஆனை வருங்க. ஒரு தடவ அடிச்சிப் பாத்துட்டு ஒடனே அணைச்சிடணும். நாம நிக்கிற எடம் அதுக்குத் தெரியக் கூடாது. இது என்னடான்னா, இங்க இருக்கறேன் வா வான்னு கூப்பிட்டுக்கினு இருக்குது."

எனக்குச் சுருக்கென்றது. "நூத்தியெம்பது பேர் வீட்டுக்குமா ஆனை வருது?"

"வராதுங்க. எங்க பஸ்ல வர்ற முப்பது பேர் வூட்டுக்கு வரும்."

நூறு பீஸில் ஒன்று கோணல் என்றாலும் லாட்டையே நிறுத்துகிறவள் நான். இங்கே முப்பது. வெளிச்சத்தைப் பார்த்தேன், உடம்பைப் பார்த்தேன். அணைப்பதைப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை.

ஓட்டமாக மேனேஜரிடம் போனேன். "நான் தப்பா ஓகே பண்ணிட்டேன் சார்." ஆறு வருஷத்தில் அந்த வாக்கியத்தை நான் சொன்னதில்லை. அவர் கடிகாரத்தைக் காட்டினார். நாலு மணிக்குள் வேறு ஒன்று வேண்டும், இல்லாவிட்டால் மறுபடியும் டிபன் கேரியர்.

பர்மிஷன் போட்டு ஜவளகிரிக்காரரை என் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டேன். பின்கம்பியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "மெதுவாப் போங்க மேடம், எனக்குப் புள்ளைங்க இருக்குது" என்று பஜார் வரைக்கும் கெஞ்சினார். நேரம் ஆகிவிடுமோ என்ற பயத்திலும் எனக்குக் குஷிதான்.

அதே கடையில் அவர் எந்த டார்ச்சின் வெளிச்சத்தையும் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலால் சுவிட்சைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். கடைக்காரர் இவருக்கு என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்திருப்பார். பதினொன்றாவதில் கண்ணைத் திறந்தார். சாதாரண டார்ச். மேலே தள்ளினால் எரியும், கீழே இழுத்தால் அணையும், வேறு வித்தை கிடையாது.

மணி மூன்றே முக்கால். நான் மேனேஜருக்குப் போன் போடப் போனேன். ஜவளகிரிக்காரர் தடுத்தார்.

"இருங்க மேடம். எனக்கு சுவிட்சு ஒண்ணுதான் தெரியும். நீங்க ஒரு தடவ பாத்துச் சொல்லுங்க. நீங்க பாக்காம வாங்க வேணாம்."

காலையில் ஏமாந்துபோன கண்ணைத்தான் அவர் கேட்டார். சந்தோஷத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. துப்பட்டாவால் துடைத்துவிட்டுப் பார்த்தேன். முன்கண்ணாடி ஓரத்தில் முடி அளவுக்கு ஒரு கீறல்.

"இது வேணாம்ணே, வேற பீஸ் கேளுங்க" என்றேன்.

முதல் முறையாக அவர் என்னிடம் சண்டைக்கு வரவில்லை. சிரித்துக்கொண்டே கடைக்காரரிடம் வேறு பீஸ் கேட்டார்.