வாயைப் பார்த்துக் கேட்கும் தறிக்காரம்மா

எண்பதுகளின் கடைசியில் திருப்பூரில் ஒரு காது கிளினிக்கில் வேலைக்குச் சேர்ந்தேன். மருந்துக்கடைக்கு மேலே மாடியில் இரண்டு அறைகள். நாங்கள் மூன்று பேர். ஐம்பதைத் தாண்டிய டாக்டர். ரேடியோ ரிப்பேர் கடையை மூடிவிட்டுக் காதுக்கருவிகளைப் பழுது பார்க்க வந்த ஓர் அண்ணன். காதுக்குள் பொருந்தும் அச்சு எடுப்பதும் அவர்தான். கேட்கும் திறனைச் சோதிப்பதற்கென்று ஒரு வருஷம் படித்துவிட்டு வந்த நான். எங்கள் குடும்பம் பனியன் கம்பெனி வேலையை நம்பிக் கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வந்தது. அம்மா ஓவர்லாக் தைத்தாள், தம்பி கட்டிங்கில் இருந்தான். எங்கள் வீட்டில் சான்றிதழைக் காட்டி வேலை வாங்கிய முதல் ஆள் நான். அந்தப் பெருமை எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது.

சோதனை அறைக்குள் வெளிச் சத்தம் நுழையக் கூடாது. அதற்கென்று விற்கும் பலகைகளை வரவழைக்க எங்களுக்கு வசதியில்லை. அண்ணன் பனியன் கம்பெனிகளில் கழித்துப் போடும் துணிகளை மூட்டை மூட்டையாகக் கொண்டு வந்து, இரண்டு பிளைவுட் தட்டிகளுக்கு நடுவே திணித்துச் சுவர் எழுப்பினார். கதவைச் சாத்தினால் கீழே போகிற லாரியின் ஹாரன்கூடப் பக்கத்துத் தெருவில் அடிப்பது போலத்தான் இருக்கும்.

அந்த அறைக்குள் ஒரு நாள் பல்லடத்துப் பக்கமிருந்து ஓர் அம்மா வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். விசைத்தறி ஓட்டுகிறவர். கூட்டி வந்த கணவர் சலிப்போடு இருந்தார்.

"கூப்பிட்டா திரும்பிக்கூடப் பாக்க மாட்டேங்கறாளுங்க. திமிருன்னு எங்கம்மா சண்டைக்கு நிக்கறாங்க. காதுல ஏதாச்சும் இருக்குமான்னு பாத்துச் சொல்லுங்க" என்றார்.

நான் அந்த அம்மாவை எதிரே உட்கார வைத்துப் பேச்சுக் கொடுத்தேன். எந்த ஊர், எத்தனை பிள்ளைகள், காதில் சீழ் வந்ததுண்டா என்று கேட்டேன். எல்லாவற்றுக்கும் தயங்காமல் பதில் சொன்னார். மெல்லிய குரலில் கேட்டேன். அதற்கும் பதில் வந்தது. வாசலில் நின்ற கணவரிடம், "காது நல்லாத்தான் இருக்கு. இருந்தாலும் மெஷின்லயும் பாத்துருவோம்" என்றேன்.

மெஷினைச் சரிசெய்யத் திரும்பினேன். திருகைத் திருப்பிக்கொண்டே, "எத்தனை வருஷமா தறி ஓட்டுறீங்க?" என்றேன். பதில் இல்லை. கொஞ்சம் சத்தமாகக் கேட்டேன். அப்போதும் இல்லை. திரும்பிப் பார்த்தால், அவர் நிம்மதியாகச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் சிரித்தார்.

காதில் ஹெட்போனை மாட்டிச் சோதித்தபோது, சத்தம் கேட்டால் தூக்க வேண்டிய விரல் பல இடங்களில் தூங்கிப்போனது. கனமான ஒலிகள் ஓரளவு கேட்டன. மெல்லிய, கூரான ஒலிகள் அவருக்கு இல்லவே இல்லை. வரைபடத்தைக் கொண்டுபோய் டாக்டரிடம் நீட்டினேன். நடந்ததையும் சொன்னேன்.

அவர் சிரித்துவிட்டார். "அம்மிணி, நீ அவங்களச் சோதிக்கறதுக்கு முன்னாடி அவங்க உன்னையச் சோதிச்சுட்டாங்க. வாயப் பாத்தே பேசியிருக்காங்க."

எனக்கு முகம் சுண்டிப்போனது. அந்த அம்மாவோ இதில் அதிசயப்பட என்ன இருக்கிறது என்பது போலப் பார்த்தார். "தறிகுடோனுக்குள்ள யாருங்க காதுல கேக்கறாங்க? அந்தக் கோடில நிக்கறவ என்ன சொல்றான்னு இந்தக் கோடில இருந்து வாயப் பாத்தே சொல்லிப்போடுவோம். எல்லாருமே அப்படித்தானுங்க."

'எல்லாருமே' என்ற சொல்லை டாக்டர் பிடித்துக்கொண்டார். அந்த ஊருக்கே போய்ப் பார்த்துவிடுவது என்று முடிவாயிற்று.

போவதில் இரண்டு சிக்கல்கள் இருந்தன. அந்த ஊரில் இரவும் பகலும் தறி ஓடியது. எந்த வீட்டுக்குள் உட்கார்ந்தாலும் தரை அதிர்ந்தது. அங்கே மெஷினை வைத்து யாருடைய காதையும் சோதிக்க முடியாது. மின்வாரியம் பராமரிப்புக்காகப் பகல் முழுக்க மின்சாரத்தை நிறுத்துகிற நாளில் போகலாம் என்று நான்தான் சொன்னேன். மின்சாரம் இல்லாமல் எங்கள் மெஷின் எப்படி ஓடும் என்று டாக்டர் கேட்டார். "அதை எங்கிட்ட விடுங்க" என்றார் அண்ணன். இரண்டு வாரத்தில், கார் பேட்டரியில் ஓடும்படி ஒரு பெட்டியைச் செய்து முடித்துவிட்டார்.

இரண்டாவது சிக்கல், தறிகள் ஓடுகிற குடோனின் முதலாளி. "நீங்க பாட்டுக்குக் காது போச்சுன்னு சீட்டு எழுதிக் குடுத்துட்டுப் போயிருவீங்க. நாளைக்கு அதைத் தூக்கிட்டு எல்லாரும் எங்கிட்ட வந்து நிப்பாங்க. எதுக்குங்க எனக்கு வம்பு?" என்றார்.

"காது அவங்களுது, சீட்டும் அவங்க கைலதானுங்க. வேற யாருக்கும் குடுக்க மாட்டோம். கரண்டு இல்லாத அன்னைக்கு ஒரு குடோனை மட்டும் திறந்து விடுங்க" என்று டாக்டர் அமைதியாகச் சொன்னார்.

முதலாளி காதுக்குப் பின்னால் கையைக் குவித்துக்கொண்டு, "என்ன சொன்னீங்க?" என்றார்.

டாக்டர் இன்னொரு முறை சொன்னார். சொல்லிவிட்டு, "உங்களுக்கும் பாத்துரலாமுங்க" என்றார். சிறுவயதில் முதலாளியும் அதே தறியில் நின்றவர்தான். "சரி, வாங்க" என்றார்.

மின்சாரம் நின்ற காலையில் அந்த ஊருக்குப் போய் இறங்கினோம். ஒரு காக்கை கத்தியது. அந்த ஊரில் காக்கைகள் இருப்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. பெண்களும் ஆண்களும் வரிசையில் நின்றார்கள். பத்துப் பதினைந்து வருஷம் தறியில் நின்றவர்களின் வரைபடங்கள் அநேகமாக ஒன்று போலவே இருந்தன. முதலாளியுடையதும் அப்படித்தான். அதைப் பார்த்த பிறகு அவர் எங்களுக்கு இளநீர் வெட்டச் சொன்னார்.

போன காது திரும்பாது என்று டாக்டர் அத்தனை பேரிடமும் மறைக்காமல் சொன்னார். இனிமேல் போகாமல் பார்த்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார். காதுக்கருவிக்குச் செய்கிற அதே அச்சை ஓட்டையில்லாமல் செய்தால் காதடைப்பான் ஆகிவிடும் என்று அண்ணன் கண்டுபிடித்திருந்தார். ஆளுக்கு ஆள் அளவெடுத்துச் செய்து கொடுத்தோம். எல்லாரும் போட்டுக்கொண்டார்கள் என்று சொன்னால் அது பொய். நூல் அறுந்தால் தறியின் சத்தம் மாறும், அடைப்பான் போட்டால் அது தெரியாது என்று மூத்தவர்கள் கழற்றி வைத்துவிட்டார்கள். புதிதாக வேலைக்கு வந்த பெண்கள் போட்டுப் பழகிக்கொண்டார்கள். எங்களுக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

சில வாரங்கள் கழித்து அந்தத் தறிக்காரம்மா, தன் அடைப்பான் ஒரு பக்கம் வலிக்கிறது என்று அதைத் தேய்த்து வாங்கக் கிளினிக்குக்கு வந்திருந்தார். அதே நேரம் பெஞ்சில் ஒரு பஸ் கண்டக்டர் உட்கார்ந்திருந்தார். நாற்பது வயதுக்காரர். காசநோய்க்குப் போட்ட ஊசியில் நோய் குணமாகிவிட்டது, காது போய்விட்டது. சிலருக்கு அப்படி ஆவதுண்டு. அவருக்கு எந்தக் கருவியும் பயன்படவில்லை. நான் மூன்று மாதமாக அவரோடு போராடிக்கொண்டிருந்தேன். கடைசிக் கருவியையும் மாட்டிப் பார்த்து, 'கேட்கிறதா?' என்று நோட்டில் எழுதிக் காட்டினேன்.

அவர் நோட்டைத் தள்ளிவிட்டார். "எழுதி எழுதிக் காட்டாதீங்க. ஊட்டுலயும் ஒரு சிலேட்டை வெச்சிருக்காங்க. எம்புள்ளைங்க எங்கிட்டப் பேசறதையே உட்டுருச்சுங்க" என்று கத்தினார். தன் குரல் எவ்வளவு உயர்கிறது என்று அவருக்குத் தெரியாது.

தறிக்காரம்மா எழுந்து போய் அவருக்கு எதிரே உட்கார்ந்தார். குரலே இல்லாமல், வாயை மட்டும் அசைத்து ஏதோ சொன்னார். கண்டக்டர் திகைத்தார். அந்த அம்மா மறுபடியும் அதையே சொன்னார். அவருக்குப் புரியவில்லை. மூன்றாவது தடவை அந்த அம்மா தன் தோளில் பை மாட்டுவது போலக் காட்டி, கையில் எதையோ கிழித்துக் கொடுப்பது போலவும் காட்டி, அதே சொல்லைச் சொன்னார்.

"டிக்கெட்டா?" என்றார் கண்டக்டர்.

அந்த அம்மா தலையாட்டினார். அடுத்த சொல்லுக்கு ஜாடை எதுவும் காட்டவில்லை. கண்டக்டர் அவர் வாயையே உற்றுப் பார்த்தார். "சில்லறை... சில்லறை இல்லீங்களா?" என்றார். அவருடைய கண் கலங்கியது.

உண்மையைச் சொன்னால், அந்த நிமிஷம் எனக்குச் சந்தோஷம் வரவில்லை. பொறாமைதான் வந்தது. மூன்று மாதம் நான் மெஷினையும் நோட்டையும் வைத்துக்கொண்டு முட்டி மோதிய கதவை, அஞ்சாவது வரை படித்த ஒருவர் உட்கார்ந்த இடத்திலேயே திறந்துவிட்டார். அன்று சாயங்காலம் டாக்டர், "அந்தம்மாவை வாராவாரம் வரச் சொல்லலாமா?" என்று என்னிடம்தான் கேட்டார். ஒரு கணம் தயங்கினேன். பிறகு, "நானே போய்க் கேக்கேன் சார்" என்றேன்.

அடுத்த நாளே அந்த ஊருக்கு பஸ் ஏறினேன். குடோன் வாசலில் நின்று கேட்டேன்.

"நானெல்லாம் என்னத்தச் சொல்லிக் குடுக்கறது நர்சம்மா? படிச்சவங்க நீங்க இருக்கீங்களே" என்றார். நான் நர்ஸ் இல்லை என்று எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். அவருக்கு நான் கடைசி வரை நர்சம்மாதான்.

"எனக்கு இது தெரியாதுக்கா. நீங்க எனக்கும் சேத்துச் சொல்லிக் குடுங்க" என்றேன்.

அவர் பக்கத்தில் நின்ற கணவரைப் பார்த்தார். அந்த மனிதருக்கு மனைவியின் காதைப் பற்றித் தெரிந்ததிலிருந்து குரலில் சலிப்பு போயிருந்தது. "போய்ட்டு வா. நெம்ப நேரம் கெஞ்ச வெக்காத" என்றார்.

தறியில் தனக்கு ஓய்வு கிடைத்த கிழமைகளில் அந்த அம்மா வர ஆரம்பித்தார். கண்டக்டரோடு இன்னும் மூன்று பேர் சேர்ந்தார்கள். அவர் பாடம் நடத்துவதைப் பார்த்து நானும் கற்றேன். "பாடு, மாடு ரெண்டும் வாயப் பாத்தா ஒண்ணாட்டத்தான் இருக்கும். எதைப் பத்திப் பேசறாங்கன்னு முதல்ல புடிச்சுக்கோணும். பேச்சு தோட்டத்தைப் பத்தின்னா அது மாடு. கச்சேரியைப் பத்தின்னா பாடு" என்பார். நான் படித்த புத்தகத்தில் இது அரைப் பக்கம் இருந்தது. எனக்கு அப்போது புரியாத அரைப் பக்கம்.

நான்காவது வாரம் அவர் அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இந்த ரூமுக்குள்ளயே பேசிட்டிருந்தா வெளில போய் என்ன பண்ணுவாங்க? பஸ்ஸ்டாண்டுக்குப் போலாம் வாங்க" என்றார். கண்டக்டர் வர மறுத்தார். கூட வேலை பார்த்தவர்கள் பார்த்துவிடுவார்கள் என்ற கூச்சம். "பாத்தாப் பாக்கட்டுமுங்க. நீங்க என்ன திருடிட்டா போனீங்க?" என்று தறிக்காரம்மா முன்னால் நடந்தார்.

பழைய பஸ்ஸ்டாண்டில் ஒரு டீக்கடை ஓரமாக நின்றோம். டாக்டரும் வந்திருந்தார். தூரத்தில் நிற்கிற கண்டக்டர்கள் என்ன சொல்கிறார்கள் என்று சொல்ல வேண்டும், அதுதான் பாடம். மற்ற மூவரும் திணறினார்கள். எங்கள் கண்டக்டர் மட்டும் மெதுவாக நிமிர்ந்தார். "அவுரு காங்கயம் காங்கயம்ங்கறாரு. இந்த வண்டி அவினாசி. அங்க, படில நிக்கறவரு உள்ள போங்க, உள்ள போங்கன்னு கத்தறாரு" என்று ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினார். அந்தச் சொற்கள் பதினைந்து வருஷம் அவர் வாயில் கிடந்தவை. எதிராளியின் உதட்டில் பார்த்ததும் அவருக்குத் தெரிந்துவிட்டது.

திடீரென்று அவர் முகம் மாறியது. தாராபுரம் வண்டியின் படியருகே ஒரு வயதான அம்மாள் இரண்டு பைகளோடு நின்றிருந்தார், படியில் நின்ற இளம் கண்டக்டர் அவரிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். "குண்டடம் நிக்காதுங்கறான்!" என்றார் கண்டக்டர். "அந்த வண்டி குண்டடத்துல நிக்கும். நான் ஓடுன வண்டி அது."

நாங்கள் தடுப்பதற்குள் அவர் பஸ்ஸுக்குப் போய்விட்டார். "ஏனுங்க, குண்டடம் ஏன் நிக்காது? பெரியம்மாவை ஏத்திக்கிட்டுப் போங்க" என்று அவர் போட்ட சத்தத்தில் பாதி பஸ்ஸ்டாண்ட் திரும்பிப் பார்த்தது. அந்த இளம் கண்டக்டர் முதலில் முறைத்தார். பிறகு அடையாளம் தெரிந்து, "அண்ணா, நீங்களா! எப்படி இருக்கீங்க? காது சரியாயிருச்சா?" என்றார்.

"காது சரியாகல. கண்ணு சரியாயிருச்சு" என்றார் எங்கள் ஆள்.

பெரியம்மா ஏறி உட்கார்ந்தார். தறிக்காரம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

கண்டக்டர் பஸ் வேலைக்குத் திரும்பவில்லை. டிப்போவிலேயே வேறு வேலை கொடுத்தார்கள். வீட்டில் சிலேட்டை எடுத்து வைத்துவிட்டதாகவும், சின்ன மகள் வேண்டுமென்றே வேகவேகமாகப் பேசித் தன்னைச் சோதிப்பதாகவும் வந்து சொன்னார். வகுப்பு வருஷக்கணக்கில் நடந்தது. அவரும் சில வாரங்கள் பாடம் எடுத்தார்.

தொண்ணூறுகளின் நடுவில் தறிக்காரம்மா தறியை விட்டுவிட்டு முழுநேரமாக எங்களோடு சேர்ந்தார். அதற்குள் நாங்கள் குன்னத்தூர், மடத்துக்குளம் என்று தூரத்து ஊர்களுக்கெல்லாம் முகாம் போகத் தொடங்கியிருந்தோம். வேனை விட்டு முதலில் இறங்குகிறவர் அவர்தான். மடத்துக்குளத்தில் ஒரு முறை, மகன் இழுத்து வந்து உட்கார வைத்த, காது மந்தமான ஒரு விவசாயி யாரோடும் பேசாமல் முறைப்பாக உட்கார்ந்திருந்தார். தறிக்காரம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் எதிரே உட்கார்ந்தார். நாங்கள் மேஜையைப் போட்டு மெஷினைத் துடைத்து வைத்துவிட்டுத் திரும்பியபோது, இரண்டு பேரும் ஒருவர் வாயை ஒருவர் பார்த்துக்கொண்டு அந்த வருஷத்துக் கரும்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.