கன்னத்தில் அடக்கிய எள்ளுருண்டை

நாற்பதுகூட ஆகவில்லை, கீழ்வரிசை முன்பற்கள் இரண்டும் ஆட ஆரம்பித்துவிட்டன. பல் துலக்கினால் இரத்தம். நாங்கள் குடிவந்த மராத்தி ஊரான நிக்டியில், எங்கள் காலனிக்குப் பக்கத்திலிருந்த பல் டாக்டர், இரண்டையும் பிடுங்கிவிடலாம் என்று கத்தரிக்காய் விலை சொல்வதுபோலச் சொன்னார். நான் பள்ளி ஆசிரியை. பொய்ப்பல்லோடு வகுப்பில் நிற்பதை நினைத்தபோது அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது.

ரஞ்சன்காவ் தொழிற்சாலையில் வேலை பார்த்த என் கணவர், ஈறு வைத்தியத்துக்கென்றே படித்த ஒரு டாக்டரம்மாவைப் பற்றி விசாரித்து வந்தார். "எடுக்கறதுக்கு முன்னாடி ஒருதரம் காட்டிடலாம். எடுத்தப்புறம் காட்டறதுக்கு என்ன இருக்கு?" என்றார்.

டாக்டரம்மா மெல்லிய அளவுக் கம்பியை ஈறுக்குள் விட்டுப் பார்த்தார். பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே பள்ளம் விழுந்து, அதில் கிருமிகள் குடித்தனம் நடத்துகின்றனவாம். பல்லைத் தாங்கும் எலும்பு இன்னும் மிச்சமிருக்கிறது, காப்பாற்றப் பார்க்கலாம் என்றார். பார்க்கலாம்! அந்த ஒரு சொல்லுக்கே நாற்காலியிலிருந்து எழுந்து குதிக்கலாம் போலிருந்தது.

மரத்துப்போக ஊசி போட்டு, ஈறுக்கடியில் வேர்வரைக்கும் சுரண்டிச் சுத்தம் செய்தார். பிறகு இடுக்கியில் மஞ்சளாக ஏதோ நூலை எடுத்தார். ஆன்டிபயாடிக் ஏற்றிய இழை. அதைப் பள்ளத்துக்குள் மெதுவாகத் திணித்தார். மாத்திரை என்றால் உடம்பெல்லாம் சுற்றும். இது நோய் இருக்கும் இடத்திலேயே உட்கார்ந்து வேலை செய்யும். ஆனால் சுத்தம் செய்ததுதான் பெரிய வேலை, மருந்து அதற்குக் கூடமாட ஒத்தாசை என்றார். பல் தப்பிய சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டுக்கு வந்து கண்ணாடி முன்னால் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

"உள்ள என்ன டிவியா ஓடுது?" என்றார் கணவர்.

கொஞ்ச நாளைக்கு அந்த இடத்தில் பிரஷ் படக்கூடாது, கடினமானதும் ஒட்டுவதும் ஆகாது என்று கட்டளை. வந்ததோ சங்கராந்தி. மாடி வீட்டு மராத்தி அம்மா மஞ்சள் குங்குமத்துக்கு அழைத்தார். போனேன். எள்ளுருண்டையைக் கையில் கொடுக்காமல், பாசம் பொங்க என் வாயிலேயே போட்டுவிட்டார். அதைத் தின்று இனிமையாகப் பேச வேண்டுமாம். நானா பேசுவது? கடிக்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் கன்னத்தில் அடக்கிக்கொண்டு நின்றேன்.

அடுத்து, புருஷன் பெயரை ஒரு பாட்டில் கோத்துச் சொல்லும் அவர்கள் வழக்கம். "நாவ் க்யா, நாவ் க்யா!" பெயரைச் சொல் என்று எல்லோரும் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். நான் தலையை மட்டும் ஆட்டினேன். மதராஸிப் பெண்கள் புருஷன் பெயரைச் சொல்ல மாட்டார்கள், பாவம் என்று அவர்களாகவே முடிவுகட்டிவிட்டார்கள். உருண்டை கரையும்வரை நானும் பாவமாகவே நின்றேன்.

அப்புறம் பரிசோதனைக்குப் போனபோது, கம்பி முன்போல உள்ளே இறங்கவில்லை. இரத்தமும் இல்லை. டாக்டரம்மா பல்லை அசைத்துப் பார்த்தார். அசையவில்லை! விடாமல் வந்து சுத்தம் செய்துகொள்ளச் சொன்னார். இன்னும் என்ன சொல்லியிருந்தாலும் தலையாட்டியிருப்பேன்.

அடுத்த சங்கராந்தியில், மாடி வீட்டம்மாவின் கை வாய்க்கு வருவதற்குள் உருண்டையை வாங்கி முன்பல்லாலேயே கடித்தேன். கடக்கென்ற சத்தம் அறை முழுக்கக் கேட்டது. மென்று விழுங்கிவிட்டு, பாட்டெல்லாம் வராததால், என் கணவர் பெயரை மட்டும் தெருவுக்கே கேட்கும்படி சொன்னேன். எல்லோரும் கைதட்டினார்கள். பெயருக்காகத் தட்டுவதாகத்தான் நினைத்திருப்பார்கள்.