சனிக்கிழமைக்கு ஒரு பால்குடம்

என் கணவர் இப்போதெல்லாம் சனிக்கிழமைகளில் வீட்டில் இருக்கிறார். காலையில் எழுந்து பசியாறிவிட்டு, புல்வெட்டும் இயந்திரத்தைத் தள்ளிக்கொண்டு பின்பக்கம் போகிறார். ஆக்லாந்துப் புறநகர் பக்குரங்காவில் எங்கள் வீட்டுப் புல்தரை நாலு பாய் விரிக்கிற அளவுதான் இருக்கும். ஒரு தடவை வெட்டி முடித்துவிட்டு, மறுபடியும் முதலிலிருந்து வெட்டுகிறார். நான் சமையலறை சன்னலில் நின்று பார்க்கிறேன். முருகனிடம் நான் கேட்டது இதைத்தான்.

அதற்கு முன்னால் அவருடைய சனி, ஞாயிறுகள் கடலுக்கு அந்தப் பக்கம் ஆஸ்திரேலியாவில் இருந்த ஒரு கார் பந்தயக் குழுவுக்குச் சொந்தம். வெளியே பார்த்தால் சாதாரணக் குடும்பக் கார் மாதிரி இருக்கும். உள்ளே சீட்டையெல்லாம் பிடுங்கிப் போட்டுவிட்டு, காது கிழிகிற சத்தத்தோடு ஓட்டுவார்கள். அந்தப் பந்தயம் ஆக்லாந்துக்கும் வந்துபோகும். நாங்கள் மலேசியாவில் ஈப்போவிலிருந்து இங்கே குடிவந்த புதிதில், வேடிக்கை பார்க்கிறேன் என்று போனவர்தான். பந்தயத்துக்குப் பந்தயம் கடைசியாக வந்துகொண்டிருந்த ஒரு குழுவின் கூடாரத்தில் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. இவர் உள்ளே புகுந்து அதைச் சரிசெய்து கொடுத்தார். அதோடு வந்திருக்கலாம். திரையில் ஓடிய எண்களைப் பார்த்துவிட்டு, "உங்க இடது பக்க டயர் ரொம்ப சீக்கிரம் சூடாகுது" என்று முதலாளியிடம் சொல்லிவிட்டு வந்தார்.

முதலாளி லாரி பழுதுபார்க்கிற பட்டறை வைத்திருந்த வயதான வெள்ளைக்காரர். பட்டறையின் பின்பக்கம்தான் குழுவின் மொத்த உலகமும். மறுவாரம் அவரே இவருக்குப் போன் செய்தார். அன்றிலிருந்து வாரநாட்களில் எங்கள் வீட்டுச் சின்ன அறையிலிருந்து எண்களைப் பார்ப்பதும், பந்தயம் வந்தால் விமானம் ஏறுவதும் இவருக்கு உத்தியோகம் ஆயிற்று. டயரை எப்போது மாற்றுவது, பெட்ரோல் எவ்வளவு போடுவது என்று காதில் கருவி மாட்டிக்கொண்டு சொல்லுகிற வேலை. வீட்டில் உப்பு தீர்ந்துபோனால்கூடத் தெரியாத மனிதர் அவர்.

குழு மேலே வந்தது. கடைசியிலிருந்து நடுவுக்கு வந்தார்கள். பிறகு ஒருநாள் மூன்றாவதாக வந்தார்கள். அதன்பிறகு ஒரு பந்தயத்தில், வெயில் காய்ந்துகொண்டிருக்கும்போதே மழை டயருக்கு மாற்றச் சொன்னார் இவர். கூட்டம் சிரித்தது. அவர்கள் சிரித்து முடிப்பதற்குள் மழை கொட்டியது. ஜெயித்துவிட்டார்கள். இவரைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடினார்கள். டிவியில் நானும் மகளும் பார்த்தோம். இவர் தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தார். மகள் பிறந்தபோது இந்த மனிதர் கண் கலங்கவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அன்றுதான் அந்தக் காருக்குச் சக்களத்தி என்று பெயர் வைத்தேன்.

பெரிய கம்பெனி ஒன்று விளம்பரம் கொடுத்தது. புது லாரி, கஞ்சி போட்ட மாதிரி சட்டை எல்லாம் வந்தன. இவர் வீட்டுக்கு வருவது குறைந்தது. பக்கத்தில் பாட்டனி டவுன்ஸில் ஒரு பிறந்தநாள் விருந்துக்குப் போனால், "என்னா, தனியா வந்திருக்கீங்க?" என்று ஆளாளுக்குக் கேட்பார்கள். இருக்கிறார் என்று நிரூபிக்கிற மாதிரி போனில் படம் காட்டுவேன். மகள் பள்ளியில் கம்பியில் தொங்கி விளையாடி விழுந்து கையை முறித்துக்கொண்ட வெள்ளிக்கிழமை, ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். பயிற்சி ஓட்டம் நடந்துகொண்டிருந்ததாம், போனை அணைத்து வைத்திருந்தார்.

அடுத்து வந்த தைப்பூசத்துக்கு மகளும் நானும் மட்டும்தான் கோயிலுக்குப் போனோம். யார் யாரோ பால்குடம் எடுத்துப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றவள், கண்ணை மூடினேன். முருகா, இவர் சனி ஞாயிறு வீட்டில் இருக்க வேண்டும். அடுத்த தைப்பூசத்துக்கு நான் பால்குடம் எடுக்கிறேன். அவ்வளவுதான் வேண்டுதல். எங்கள் வீட்டில் யார் எதைக் கேட்டாலும் 'நல்லபடியாக' என்று சேர்த்துத்தான் கேட்போம். அம்மா அப்படித்தான் பழக்கியிருந்தாள். கோபத்தில் அன்று எனக்கு அது வாயில் வரவில்லை.

அந்த வருடம் நடுவிலேயே விளம்பரக் கம்பெனி விலகிக்கொண்டது. விதிகள் மாறி எல்லோரும் புது கார் கட்ட வேண்டியிருந்தது. முதலாளிக்கு உடம்பும் முடியவில்லை. இதெல்லாம்தான் காரணம் என்று எனக்குத் தெரியாமலில்லை. குழுவின் கடைசிப் பந்தயம் முடிந்த மறுவாரம், பட்டறையில் எல்லோரையும் கூட்டி வைத்துக்கொண்டு முதலாளி பேசினார். இவர் சின்ன அறையில் உட்கார்ந்து திரையில் கேட்டார். பிறகு எழுந்து சமையலறைக்கு வந்து, குளிர்பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"முடிஞ்சிருச்சிலா. காரையெல்லாம் வித்துட்டாரு."

நான் அடுப்பில் மிளகாய்ச் சம்பல் வதக்கிக்கொண்டிருந்தேன். அவர் சொல்லி முடித்த அந்த நொடியில் என் மனசு துள்ளியது. ஐயோ பாவம் என்பது பிறகுதான் வந்தது. திரும்பினால் முகத்தில் தெரிந்துவிடும் என்று, கரண்டியைக் கீழே வைக்காமல் வதக்கிக்கொண்டே இருந்தேன். சம்பல் தீய்ந்துவிட்டது. அந்தத் துள்ளலை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்னைப் பிடிப்பதில்லை.

பாபகூராவில் லாரி உதிரிபாகம் விற்கிற இடத்தில் அவருக்கு வேலை கிடைத்தது. வாரநாள் மட்டும். சனி ஞாயிறு முழு லீவு. மகள் ஒருநாள் என் காதில், "மம், டாட் இஸ் ஹோம் பட் ஹீ இஸ் நாட் ஹியர்" என்றாள். டிவியில் பந்தயம் வருகிற நேரத்தில் இவர் வெளியே போய்ப் புல் வெட்டினார். குழுவின் பழைய சட்டையைத்தான் போட்டுக்கொண்டு வெட்டினார்.

தைப்பூசம் நெருங்கிவிட்டது. கேட்டதைக் கொடுத்தவனுக்கு என்ன பதில் சொல்வது? பால்குடம் எடுத்தால், இவர் பிழைப்பு கெட்டதற்கு நன்றி சொன்ன மாதிரி. எடுக்காவிட்டால் முருகனை ஏமாற்றின மாதிரி. விரதம் இருக்கப் போகிறேன் என்று மட்டும் சொன்னேன். "எனக்கு வேலை நல்லா அமையணும்னா?" என்று கேட்டார். நான் பருப்பைக் கழுவ எழுந்து போனேன். "அப்ப நானும் இருக்கேன்லா" என்று அவரும் விரதம் இருந்தார். கோழி இல்லாமல் ஒருவேளைகூடச் சாப்பிடாதவர், பருப்பும் மோரும் சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போனார்.

தைப்பூசத்தன்று நல்ல வெயில். செருப்பில்லாத காலுக்குத் தார்ச்சாலை கொதித்தது. தலையில் குடத்தோடு நான் தடுமாறியதும், கூட்டத்தில் நடந்துவந்த இவர் என் முழங்கை ஓரமாக வந்தார்.

"இடது பக்கமா வா. அங்க நிழல் இருக்கு. அவசரப்படாத, கால் சூடாயிரும். வளைவு வருது, மெதுவா. இன்னும் கொஞ்சம் தூரந்தான், நல்லா போற."

சம்பல் தீய்ந்த நாளிலிருந்து நான் கேட்காத குரல் அது. கார் ஓட்டுகிறவனுக்கு இவர் சொல்வதை டிவி வழியாகக் கேட்ட குரல். அந்தக் குரலைத்தான் நான் நிறுத்தச் சொல்லி வேண்டினேன். பால் வழிந்ததா, கண்ணீர் வழிந்ததா என்று யாரும் கவனிக்கவில்லை.

அபிஷேகம் முடிந்து காரில் ஏறியதும், "இப்ப சொல்லு, என்னா வேண்டுதல்?" என்றார். சொன்னேன். ஒன்றையும் மறைக்கவில்லை, மனசு துள்ளியதையும் சொன்னேன். அவர் சாவியைத் திருகாமல் உட்கார்ந்திருந்தார். பிறகு வண்டியை எடுத்தார். அதற்குப் பிறகு பல நாள் சாப்பாடு, குப்பைத் தொட்டி, மகளின் பள்ளி என்று மட்டும்தான் பேச்சு.

நேற்று ஆஸ்திரேலியாவிலிருந்து வேறொரு குழு அவரைக் கூப்பிட்டிருக்கிறது. அதே வேலை, அதே சனிக்கிழமைகள். போனை என் முன்னால் மேசையில் வைத்தார்.

"போகவா வேணாமான்னு உன் முருகன்கிட்ட கேட்டுட்டுச் சொல்லு" என்றார். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

இன்று காலை குளித்துவிட்டு சாமி படத்துக்கு முன்னால் போய் நின்றேன். திரியை நனைத்தேன். தீப்பெட்டியை எடுத்தேன். பின்பக்கம் புல்வெட்டும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. தீப்பெட்டியை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வெளியே போய், "போங்க" என்றேன். சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. இயந்திரத்தை நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டி, இன்னொரு தடவை சொன்னேன்.

விளக்கை ஏற்றியிருந்தால் மறுபடியும் அதையேதான் கேட்டிருப்பேன்.