கட்டுக் கம்பியில் முளைத்த வேப்பமரம்

ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். அந்தப் படிப்பை வைத்துக்கொண்டுதான் அம்பத்தூர் எஸ்டேட்டில் சொந்தமாக வெல்டிங் பட்டறை போட்டேன். வேலப்பன்சாவடிக் கல்லூரிகளின் சைக்கிள் கொட்டகைகளில் பாதிக்குமேல் என் கை பட்டவை. நசரத்பேட்டையில் மாடி வைத்து வீடு கட்டினேன். கடன் கேட்கப் போனபோது என் கையெழுத்தைப் பார்த்துச் சிரித்த பேங்க் மேனேஜர், கிரகப்பிரவேசத்துக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் போனார். பூந்தமல்லியில் ஒரு கல்யாண மண்டப வாசலில், சீரியல் பல்பு தொங்கவிட இரும்பிலேயே மரம் செய்து நட்டேன். இதெல்லாம் ஊருக்குத் தெரியும். கம்ப்யூட்டருக்குள் ஒரு வேப்பமரம் வளர்ந்ததில் என் பங்கு என்ன என்பதுதான் ஒருவருக்கும் தெரியாது.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது. என் தங்கை புருஷன் ஆவடியில் ராணுவத் தொழிற்சாலையில் வரைபடம் போடும் வேலையில் இருந்தார், நெல்லைக்காரர், படித்தவர். கம்ப்யூட்டரில் விளம்பரப் படம் செய்யப்போகிறேன் என்று நீண்ட லீவு போட்டு அம்பத்தூரில் ஓர் அறை பிடித்தார். முதல் வாடிக்கை, தலைக்கு எண்ணெய் விற்கும் கம்பெனி. ஒரு வேப்பமரம் முளைவிட்டுப் பெரிய மரமாக வளர வேண்டுமாம். அவர் மரத்தைக் கையால் வரையவில்லை. கிளை இரண்டாகப் பிரி, அதையும் இரண்டாகப் பிரி என்று விதி எழுதிக் கொடுத்தால் கம்ப்யூட்டரே மரத்தைப் போட்டுவிடும். போட்டது. வந்து பார்த்த கம்பெனிக்காரர், டிவி ஆன்டெனா மாதிரி இருக்கிறது, திங்கட்கிழமை இன்னொரு முறை வருகிறேன் என்று சொல்லிப் போய்விட்டார். அதே திங்களோடு லீவும் முடிகிறது. மரம் தேறாவிட்டால் மறுநாள் தொழிற்சாலை கேட்டுக்குள் நுழைய வேண்டியதுதான். கம்ப்யூட்டரை விற்றுவிட வேண்டியதுதான்.

சனிக்கிழமை அவர் அறையில் ஏசிக்கு ஸ்டாண்டு மாட்டப் போனேன். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்த் திரையைப் பார்த்தேன். அடிமரம் குண்டாக இருந்தது. மேலே போனால் வெறும் குடைக்கம்பி. ஒவ்வொரு பிரிவிலும் தடிமனை எவ்வளவு குறைக்கிறார் என்று கேட்டேன். சரிபாதி என்றார்.

"அப்போ மீதி கம்பி எங்க போச்சு மாப்ள?"

"இது வெல்டிங் இல்ல மச்சான். கணக்கு."

"கணக்கைத்தான் கேக்குறேன். கம்பிய எவன் துன்னுட்டுப் போனான்?"

மண்டப மரத்தை நான், கட்டட வேலையில் முறுக்கிக் கட்டுகிற மெல்லிய கட்டுக் கம்பியில்தான் செய்தேன். அறுபத்துநாலு கம்பியைச் சேர்த்து முறுக்கினால் அடிமரம். கிளை பிரியும் இடத்தில் நாற்பது இந்தப் பக்கம், இருபத்துநாலு அந்தப் பக்கம். நுனிவரை ஒரு கம்பியும் தொலையாது. பட்டறையிலிருந்து கம்பி கொண்டுவந்து கீபோர்டு பக்கத்திலேயே முறுக்கிக் காட்டினேன். கம்பியின் எண்ணிக்கை பாதியானாலும் கிளையின் தடிமன் பாதியாகாது, முக்காலுக்குக் கொஞ்சம் கம்மியாக நிற்கும். அவர் ஸ்கேல் வைத்து அளந்தார். பிறகு தாளில் வட்டம் வட்டமாகப் போட்டு என்னவோ பெருக்கினார். சரிபாதி என்றிருந்த விதியை அடித்துவிட்டுப் புதிதாக எழுதினார்.

"ரெண்டு பக்கமும் சமமா பிரிக்காதீங்க மாப்ள. எந்த மரம் தராசு வெச்சிகினு பிரியுது?" என்றேன். அதையும் எழுதிக்கொண்டார்.

ஞாயிறு காலை டிபன் முடித்து அவர் புது விதியைக் கொடுத்ததும், கம்ப்யூட்டர் படத்தை மேலிருந்து ஒவ்வொரு கோடாகப் போட்டுக்கொண்டு வந்தது. மத்தியானம் தங்கை சோறு கொண்டுவந்தபோது அடிமரம் மண்ணைத் தொட்டிருந்தது. தூக்குச் சட்டியைக் கீழே வைக்காமலே பார்த்தாள்.

"இது யாரு ஊட்டு எதிர்ல கீது?" என்றாள்.

அந்த வாரத்தில் மாப்பிள்ளை சிரித்தது அப்போதுதான். திங்கட்கிழமை அந்த ஒரு படத்தைப் பார்த்தே கம்பெனிக்காரர் சம்மதித்தார். செவ்வாய்க்கிழமை தொழிற்சாலைக்குப் போனது ராஜினாமாக் கடிதம் மட்டும்.

இன்று அவர் கம்பெனியில் காடு காடாக மரம் வளர்க்கிறார்கள். அந்தக் கட்டடத்தைப் பார்த்தால் எனக்கு நெஞ்சு நிமிர்கிறது. இன்னும் பெரிதாக வளரும், சந்தேகமே இல்லை. ஆனால் கம்பெனி வரலாறு என்று வழவழ தாளில் ஒரு புத்தகம் போட்டிருக்கிறார்கள். அதில் நான் 'ஏசி ஸ்டாண்டு செய்து உதவிய உறவினர்'. மாப்பிள்ளை, கணக்கு உங்களுடையது. அதில் எனக்குப் பங்கு வேண்டாம். கிளையின் தடிமன் என்னுடையது. அடுத்த பதிப்பில், வேப்பமரம் வரும் பக்கத்திலேயே, 'கிளை பிரியும் முறையைச் சொன்னவர்' என்று என் பெயரைப் போடுங்கள். படத்துக்குக் கீழே பொடி எழுத்தில் வேண்டாம், மேலே போடுங்கள்.