கல்லடி பஸ்ஸில் ஒரு மலர்வளையம்

செத்தவீடுகளுக்குக் கடதாசிப் பூவில் மலர்வளையம் கட்டிக் கொடுக்கிறேன். என் கணவர் இவருக்கு ஆலையில் வேலை போன பிறகு எங்கள் வீட்டில் அடுப்பு எரிவது அதனால்தான்.

இன்று காலை இவரின் அம்மா, என் மாமி, சொல்லிவிட்டார்: "செத்தவீட்டுச் சாமான வீட்டுக்குள்ள வச்சிருந்தா குடும்பம் விளங்குமா? இனி இங்க கட்டப்படாது."

இவர் எழுந்து முற்றத்துக்குப் போய்விட்டார். பிள்ளைகள் பார்த்துக்கொண்டு நின்றதால் நானும் அழவில்லை.

கட்டி முடித்த வளையத்தோடு கல்லடி பஸ்ஸில் ஏறினேன். முன்பின் தெரியாத ஓர் அம்மா எழுந்து இடம் தந்தார்.

"இரி மகள். ஆரு மோசம் போனது?"

எங்கள் வீட்டில் யாரும் சாகவில்லை, விற்கக் கொண்டுபோகிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அழுகைதான் வந்தது.

"அழு மகள், நல்லா அழு. மனசுக்குள்ள வச்சிராத" என்று முதுகைத் தடவினார். பாலம் கடக்கும்வரை விம்மி விம்மி அழுதேன்.

செத்தவீட்டில் வளையத்தை வாங்கியவர், "பின்னேரத்துக்குள்ள இன்னொண்டு கட்டித் தருவீங்களா?" என்று கேட்டார்.

"ஓம்" என்று சொல்லிவிட்டேன். எங்கே வைத்துக் கட்டப்போகிறேனோ தெரியாது.

வீட்டில் அழ முடியாதவர்கள் எல்லாம் எந்த பஸ்ஸில் போகிறீர்கள்? எனக்கும் சொல்லுங்கள்.