தொட்டியைச் சுற்றிக் கட்டிய வேட்டி

என் வீட்டுக்காரர் ஆசையாக வாங்கி வைத்துவிட்டுப் போன வெளிநாட்டுத் தாடி ஓணான் குஞ்சுகள் இரண்டும் இன்று சாப்பிட்டுவிட்டன!

அவர் தவறியதிலிருந்து, துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லோரும் கண்ணாடித் தொட்டியைத் தட்டித் தட்டிப் பார்த்தார்கள். குஞ்சுகள் மிரண்டுபோய், மரத்துண்டுக்கு அடியில் பதுங்கிப் பட்டினி கிடந்தன.

வந்தவர்களிடம் தட்டிப் பார்க்காதீர்கள் என்று சொல்ல முடியுமா? அவருடைய வேட்டியை எடுத்துத் தொட்டியைச் சுற்றிக் கட்டிவிட்டேன்.

இன்று காலை கொழுந்தன் அட்டைப்பெட்டியோடு வந்து நின்றார்.

"மதினி, இதுக செத்துப்போச்சுன்னா அண்ணனை நெனச்சு இன்னொரு தடவை அழுவீங்க. வாங்குன கடையிலயே குடுத்துட்டு வாரேன்."

"கொஞ்சம் இருங்க தம்பி" என்று வேட்டியை லேசாக விலக்கி, ஒரு பொடி வெட்டுக்கிளியை உள்ளே விட்டேன்.

பெரியது தலையைச் சாய்த்துப் பார்த்தது. லபக்!

சின்னதும் வெளியே வந்து முருங்கைக்கீரையைக் கடித்தது.

"யாத்தி! அண்ணன் போட்டப்பக்கூட இம்புட்டுத் திங்கலையே மதினி!"

அவர் இருந்து இதைக் கேட்டிருந்தால் ரோஷப்பட்டிருப்பார். நான் இன்னொரு வெட்டுக்கிளி போட்டேன்.

மதுரையில் ஓணானுக்குக் கீரை ஆய்கிறவள் நான் ஒருத்திதானா, இன்னும் யாராவது இருக்கிறீர்களா?